வரத்துக்கால்

ராக்குவின் இடது காலும் எங்கள் ஊர் வரத்துக்காலும் ஒன்றுதான் என்று கம்ப்யூட்டர் முடிவு செய்த வருஷம், ஐப்பசி பிறந்தும் ஆற்றில் மணல்தான் தெரிந்தது, கூத்தனேந்தல் கண்மாய்க்குள் ஆடுகள் மேய்ந்தன, பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே என் கடையில் நான் எரிந்துபோன மோட்டார்களுக்குச் செப்புக் கம்பிக் காயில் கட்டிக்கொண்டிருந்தேன், என் மனைவி ராக்கு உயிரோடு இருந்தாள்.

ஆற்றுத் தண்ணீரைக் கண்மாய்க்குக் கொண்டுவரும் வாய்க்காலை எங்கள் பக்கம் வரத்துக்கால் என்பார்கள். சொல்லிச் சொல்லித் தேய்ந்து அது வெறும் காலாகிவிட்டது. காலில் தண்ணீர் வந்துவிட்டதா என்று ஒருவர் கேட்டால் இன்னொருவர் குனிந்து பாதத்தைப் பார்ப்பதில்லை, கால் வெட்டணும் என்று ஊர்க்கூட்டத்தில் யாராவது எழுந்து சொன்னால் மண்வெட்டியைத் தேடுவோமே தவிர எவரும் பயப்படுவதில்லை. எங்கள் வீடு அந்தக் காலின் கரையிலேயே இருந்தது. சீமைக்கருவேலம் மண்டி, பாலித்தீன் பைகள் முள்ளில் தொங்கி, அதில் கடைசியாக எப்போது தண்ணீர் ஓடியது என்று கேட்டால் ஊருக்குள் சண்டை வரும் நிலையில் அது கிடந்தது.

ராக்குவின் இடது காலும் அப்படித்தான் இருந்தது. கெண்டைக்காலில் நரம்பு சுருண்டு பச்சையாகப் புடைத்து நிற்கும், பொழுது சாய்ந்தால் வீங்கும், இரத்தம் மேலே ஏறாமல் அடைத்துக்கொள்கிறது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவள் அதைக் காலில் அடைப்பு என்று சுருக்கி வைத்திருந்தாள்.

மாவட்டத்தில் புதிதாக ஒரு தகவல் மையம் திறந்திருந்தார்கள். நோய்களையும் உடம்பின் உறுப்புகளையும் வகைப்படுத்தி அடுக்கிய சொல்மரம் ஒன்று கம்ப்யூட்டருக்குள் ஏற்கெனவே இருந்ததாம், மலை, ஆறு, கண்மாய், ரோடு என்று நிலத்தை அடுக்கிய சொல்மரம் வேறொன்று இருந்ததாம், இரண்டையும் ஒட்டுக்கட்டி ஒரே மரமாக்கிவிட்டால் எந்தத் தண்ணீரால் எந்த ஊருக்கு என்ன நோய் வருகிறது என்று யாரும் கேட்காமலே அது சொல்லிவிடுமாம். அந்த மரத்துக்கு எங்கள் ஊர்ச் சொற்களைச் சேகரிக்க ஜீப்பில் வந்தவள் நிலோபர் என்ற பெண், கடற்கரைப் பக்கத்துக்காரி, ஒல்லியாக, தலையில் போட்ட துப்பட்டா காற்றில் நிற்காமல் நழுவ நழுவ இழுத்துவிட்டுக்கொண்டே பேசுகிறவள். உடம்பைக் கேட்க ஒருவர், நிலத்தைக் கேட்க ஒருவர் என்று இரண்டு பேர் வரவேண்டிய வேலைக்கு இவள் ஒருத்தியை அனுப்பியிருந்தார்கள். கையிலிருந்த பலகை போன்ற கருவிக்குச் சார்ஜ் ஏற்ற என் கடைக்கு வந்தாள், வந்த இடத்தில் காயில் கட்டுவதை நின்று பார்த்தாள், பிறகு தன் வேலையைச் சொன்னாள்.

“ரெண்டே கேள்விதான் ஐயா. ஒரு பொருளக் காட்டி, இது எதோட வகை, இது எதோட பகுதி? கெண்டை, மீன்ல ஒரு வகை. செவுள், கெண்டையோட பகுதி. இவ்வளவு சொல்லிட்டாப் போதும், மீதிய அதுவே யோசிச்சுக்கும்.”

“தப்பா யோசிச்சுட்டா?”

“அது தப்பா யோசிக்காது. நாம தப்பாச் சொன்னாத்தான் உண்டு.”

ராக்கு அன்று தப்பாக எதுவும் சொல்லவில்லை. நான் பக்கத்தில்தான் இருந்தேன். எங்கள் வீட்டு வாசலில் முருங்கைக்கீரையை ஆய்ந்துகொண்டே பதில் சொன்னாள்.

“உடம்புல என்னம்மா குறை?”

“கால்தான்.”

“என்ன செய்யுது?”

“அடைப்பு.”

“எவ்வளவு நாளா?”

“இந்த வீட்டுக்கு வாக்கப்பட்டு வந்ததுலேர்ந்து இதே கதைதான்.”

நிலோபர் விரலால் தள்ளி அடுத்த பக்கத்துக்குப் போனாள். “இந்த இடத்துல நீர்வழி ஏதும் இருக்காம்மா?”

“கால்தான்.”

“அது எப்படி இருக்கு?”

“அடைப்பு.”

“எவ்வளவு நாளா?”

ராக்கு கீரைக் காம்பை எறிந்துவிட்டுச் சிரித்தாள். “அதான் சொல்றேன்ல தாயி, நான் வாக்கப்பட்டு வந்ததுலேர்ந்து இதே கதைதான்.”

பேர் ஒன்று, இடம் ஒன்று, குறை ஒன்று, வயதும் ஒன்று. அப்படி இருந்தால் அவை இரண்டாக இருக்க முடியாது என்று மரம் யோசித்தது. கல்யாண மண்டபம் ஒன்றில் பெரிய அதிகாரிகள் சேர்ந்து பொத்தானை அழுத்தினார்கள், இரண்டு மரமும் ஒட்டிக்கொண்டன, எங்கள் ஊரில் யாருக்கும் எதுவும் கேட்கவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை காலையில் ராக்கு காலுக்கு மஞ்சள் பூசிக் குளித்தாள். கொஞ்ச நேரத்தில் காலில் தண்ணீர் வந்துவிட்டது என்று தெருவெல்லாம் கத்தினார்கள். ஆற்றில் சொட்டுத் தண்ணீர் இல்லை, மேலே எந்த ஊரிலும் மழை இல்லை, எங்கள் வரத்துக்காலில் மட்டும் கணுக்கால் அளவு தண்ணீர் கருவேல வேர்களுக்கு நடுவே நெளிந்து வந்தது, அது இளமஞ்சளாக இருந்தது, மஞ்சளின் வாசம் அடித்தது. ஊர்த்தலைமை பார்க்கும் அம்பலம் சாத்தையா ஒரு கை அள்ளி மோந்து பார்த்துவிட்டு, கரையில் ஏறி, எங்கள் வீட்டுக் குளியல் மறைப்புக்கு வெளியே மரியாதையாகத் தள்ளி நின்று கேட்டார்.

“மதினி, குளிச்சு முடிச்சாச்சா?”

“ஏன், முதுகு தேச்சு விடணுமா?”

“இல்ல மதினி. இன்னும் கொஞ்சம் ஊத்துங்க.”

இப்படித்தான் தெரியவந்தது. அதிசயம் என்று யாரும் சொல்லவில்லை. தண்ணீர் வந்தால் எங்கள் பக்கம் முதலில் கேட்பது யாருக்கு முதல் மடை என்பதுதான், எப்படி வந்தது என்று கேட்பதற்குள் வயல் பாய்ந்து முடிந்திருக்கும். ஒரு வாரத்துக்குள் ஊர் எல்லாவற்றையும் கற்றுக்கொண்டது. ராக்கு நடந்தால் தண்ணீர் வேகமாக வந்தது, உட்கார்ந்து காலைத் தொங்கப் போட்டால் நிதானமாக, ஆனால் நிறைய வந்தது, படுத்துக் காலைத் தலையணையில் தூக்கி வைத்தால் வந்த தண்ணீர் திரும்பி ஆற்றைப் பார்த்து ஓடியது. தொடை இருக்கும் இடம் ஆற்று மதகு, முழங்கால் இருக்கும் இடம் மெயின் ரோட்டுப் பாலம், குதிகால் கண்மாய்க்குள் இறங்கும் இடம். தண்ணீரை எதிர்த்து மீன் ஏறிய நாட்களில் அவள் கெண்டைக்காலுக்குள் கெண்டைகள் ஓடுவதை நான் கையை வைத்துப் பார்த்திருக்கிறேன், தோலுக்கு அடியில் சட்சட்டென்று திரும்பும். எருமைகள் இறங்கினால் அவளுக்குக் கூச்சம் தாங்காமல் சிரிப்பு வரும், அடுப்படியில் தனியாக நின்று சிரிப்பாள், எதிர்வீட்டில் இருப்பவர்கள், “எருமையை ஓட்டுங்கடா, கால்காரம்மா சோறாக்கணும்,” என்று கரைப்பக்கம் பார்த்துக் குரல் கொடுப்பார்கள்.

அவள் பேர் அப்படி மாறிவிட்டது. ராக்கு என்று கூப்பிட நான் ஒருவன்தான் மிச்சம்.

கடைமடைக்காரர்கள் நல்லெண்ணெய்க் கிண்ணத்தோடு காலையிலேயே வந்து வாசலில் உட்கார்ந்திருப்பார்கள், பொண்டாட்டியைக் கூட்டிவந்து அவள் காலை உருவிவிடச் சொல்வார்கள், கீழ்நோக்கி உருவச் சொல்வார்கள். நடவு நேரத்தில் ஊர் சேர்ந்து ஒரு நாற்காலி வாங்கியது. தேக்கில் செய்த உயரமான நாற்காலி, உட்கார்ந்தால் கால் தரையைத் தொடாது, அதற்காகவே அளவு சொல்லிச் செய்தது. சாத்தையா அம்பலம் அதற்கு மாலை போட்டு, சந்தனம் தெளித்து, ராக்குவை அதில் உட்காரவைத்து, “இது ஊர் உங்களுக்குச் செய்ற மரியாதை மதினி,” என்றார்.

“படுக்கிறது எப்பப்பு?” என்று ராக்கு கேட்டாள்.

“இந்த ஒரு போகம் மதினி. கதிர் முத்தட்டும்.”

அந்த ஒரு போகம் முடிந்தது, அடுத்த போகமும் அந்த ஒரு போகம்தான் என்றார்கள். சுற்று வட்டாரத்தில் எந்தக் கண்மாயும் நிறையாத வருஷங்களில் கூத்தனேந்தலில் இரண்டு போகம் விளைந்தது. முதல் கதிர்க்கட்டைக் கொண்டுவந்து அவள் காலடியில் வைத்துவிட்டுப் போவார்கள், அவள் நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்கி விழுந்துகொண்டிருப்பாள், கழுத்து ஒரு பக்கம் சாய்ந்திருக்கும், கால் இருட்டிய நிறத்தில் கனத்துத் தொங்கிக்கொண்டிருக்கும். நான் ஊருக்குத் தெரியாமல் ஒரு முக்காலியைப் போட்டு அவள் காலை எடுத்து அதன்மேல் வைப்பேன். கண்மூடித் திறப்பதற்குள் யாராவது வந்துவிடுவார்கள். “மோட்டார்க்காரரே, தண்ணி பின்வாங்குது,” என்பார்கள், கோபமாக அல்ல, கரண்டு போய்விட்டது என்று சொல்வதுபோல.

நகரத்து ஆஸ்பத்திரியில் டாக்டர் ஒரே வார்த்தைதான் சொன்னார். “இந்த நோவுக்குக் காலத் தொங்கப் போடவே கூடாதும்மா. எப்பவும் உசத்தியே வைங்க.”

“அது என் கையில இல்லீங்க,” என்றாள் ராக்கு.

கணுக்காலுக்கு மேலே ஒரு புண் வந்தது, அதே நாளில் கண்மாய்க்குச் சற்று மேலே கரை உடைத்துக்கொண்டது. கரையை அடைக்கத் தெரிந்தவர்கள் எங்கள் ஊரில் நிறையப் பேர். வைக்கோலும் களிமண்ணும் மிதித்துக் கொண்டுவந்து, அங்கே கரையில் பாதியை அப்பினார்கள், இங்கே ராக்குவின் புண்ணில் பாதியை அப்பினார்கள், அவள் பல்லைக் கடித்துக்கொண்டு நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்திருந்தாள். உடைப்பு நின்றது. களிமண்ணுக்கு அடியில் புண் நிற்கவில்லை.

அதற்கு மேல்தான் தவசி வந்தான். சாத்தையா அம்பலத்தின் அக்காள் மகன், மெயின் ரோட்டில் பிளாட் போட்டு விற்கிறவன், வெள்ளைச் சட்டைப் பையில் எப்போதும் இரண்டு போன். பாலத்துக்கு அந்தப் பக்கம் அவன் வாங்கிய இடத்துக்குக் குறுக்கே கால் போயிற்று, கால் இருக்கும்வரை அந்த மனைகளுக்கு அனுமதி கிடைக்காது. நகரத்தில் இடித்த கட்டடங்களின் செங்கல்லையும் காரையையும் லாரி லாரியாகக் கொண்டுவந்து பாலத்தடியில் கொட்டினான். ராக்குவின் முழங்கால் தேங்காய்போல் வீங்கியது. ஸ்கேன் எடுத்த பெண் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “செங்கல்லும்மா. கொஞ்சம் டைல்ஸும் தெரியுது,” என்றாள். டாக்டர் ஆச்சரியப்படவில்லை, தூர் வாரவும் என்று சீட்டில் எழுதினார். வாய்க்கால் ஆபீசில் சீட்டை வாங்கிப் பார்த்து, முழங்கால் எங்கள் பொறுப்பில் வராது, ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்றார்கள். இரண்டு வாசலுக்கும் நடுவே ஒரு டீக்கடை இருந்தது. அங்கே அவளை உட்காரவைத்துவிட்டு நான் இந்த வாசலுக்கும் அந்த வாசலுக்கும் நடந்தேன், டீக்கடைக்காரர் அவள் காலுக்கு ஒரு பெஞ்சைப் போட்டார், அன்று கூத்தனேந்தலில் தண்ணீர் நின்றுபோய் இருபது பேர் எங்களைத் தேடிப் பஸ் ஏறி வந்துவிட்டார்கள்.

நிலோபரைக் கண்டுபிடித்து வரவழைத்தேன். அவள் நாற்காலியையும் காலையும் பார்த்தாள். துப்பட்டா நழுவியது, இழுத்துவிட மறந்து நின்றாள்.

“ரெண்டையும் பிரிச்சுறலாம் ஐயா. இது உடம்பு, அது வாய்க்கால்னு தனித்தனியா வச்சிட்டாச் சரியாயிரும். ஒரு நிமிஷ வேலைதான்.”

“செஞ்சிரு தாயி,” என்றாள் ராக்கு.

நிலோபர் செய்யவில்லை. பலகையைத் திருப்பிக் காட்டினாள். மரம் சும்மா இருக்கவில்லை, யோசித்துக்கொண்டே இருந்திருக்கிறது. வரத்துக்கால் என்பது வாய்க்காலில் ஒரு வகை. வாய்க்கால் எல்லாம் புறம்போக்கு. ராக்குவின் இடது காலும் வரத்துக்காலும் ஒன்று. ஆகவே ராக்குவின் இடது கால் புறம்போக்கு. புறம்போக்கில் எதை மாற்றுவதானாலும் கிராமசபை தீர்மானம் போடவேண்டும்.

“இத நாங்க எழுதலம்மா. அதுவா யோசிச்சு எடுத்தது.”

“என் காலு புறம்போக்கா?”

“அப்படித்தாம்மா காட்டுது.”

ராக்கு குனிந்து தன் காலைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்து, “கேட்டீங்களா, பட்டா இல்லாத காலோட இத்தன வருஷம் குடும்பம் நடத்திருக்கீங்க,” என்றாள். நிலோபரிடம் திரும்பி, “அப்ப நான் கொலுசு போட்டா ஆக்கிரமிப்பாத்தா?” என்றாள். அவள் சிரித்ததைப் பார்த்து நிலோபரும் சிரிக்கப்போய், முடியாமல், ஜீப்புக்குப் போய்விட்டாள்.

கிராமசபை கூடியது. வேப்பமரத்தடியில் ராக்குவை நாற்காலியோடு தூக்கிக்கொண்டுவந்து வைத்தார்கள், கால் தொங்கியபடியே. நான் எழுந்து, இரண்டையும் பிரிக்க ஊர் சம்மதிக்கவேண்டும் என்று கேட்டேன். எல்லாரும் என்னைப் பாவமாகப் பார்த்தார்கள், யாரும் முறைக்கவில்லை. பிரித்துவிட்டால் தண்ணீர் எங்கிருந்து வரும் என்று கடைமடைக்காரர் ஒருவர் மெதுவாகக் கேட்டார். தன் வீட்டில் முதல் மகள் கல்யாணத்துக்கு நிற்கிறாள் என்றார் இன்னொருவர். “இந்த ஒரு போகம், மோட்டார்க்காரரே,” என்று அம்பலம் சொன்னார், பல குரல்கள் அதையே சொல்லின, அது ஒரு பாட்டுபோல வரிசையில் பின்னாலிருந்து முன்னால் வந்தது.

அப்போது ராக்கு பேசினாள். “பிரிக்க வேணாம். உங்க பொழப்புல மண்ணப் போட நான் வரல. பாலத்தடியில கெடக்கிற கல்லையாவது அள்ளுங்கப்பு. முழங்கால் மடக்க முடியல. கால வெட்டி விடுங்க, தண்ணி தாராளமாப் போகும், எனக்கும் நோவு குறையும்.”

இதில் எல்லாருக்கும் நியாயம் தெரிந்தது. கொஞ்ச நாளாகத் தண்ணீர் குறைந்திருந்தது அவர்களுக்கும் கவலைதான். கூத்தனேந்தல் கால் வெட்ட ஊர் முழுமனதாகச் சம்மதிக்கிறது என்று தீர்மானம் எழுதினார்கள், கல்லைக் கொட்டிய தவசி எழுந்து தடுப்பான் என்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன், அவன் தடுக்கவில்லை, சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து முதல் ஆளாகக் கையெழுத்துப் போட்டான். “நல்ல காரியம்,” என்றான். தண்ணீருக்கு ஆசைப்பட்ட அவ்வளவு பேரும் அவன் பேனாவையே வாங்கி வாங்கிக் கையெழுத்துப் போட்டார்கள். ராக்குவும் போட்டாள். நானும்தான் போட்டேன், அன்று அந்தச் சொல்லுக்கு எங்கள் வாயில் ஒரே அர்த்தம்தான் இருந்தது.

தீர்மானம் மரத்துக்குள் போயிற்று. மண்வாரி இயந்திரம் வரும் என்று பிள்ளைகள் ரோட்டில் காத்திருந்தார்கள். ஆம்புலன்ஸ் வந்தது.

ஆஸ்பத்திரியில் அவளைத் தள்ளிக்கொண்டு போனபோது நான் குறுக்கே நின்றேன். “கால் வெட்டறதுன்னா தூர் வாருறது ஐயா,” என்றேன், “மண்ண வெட்டறது, மண்ண,” என்று கையால் வெட்டிக் காட்டினேன். டாக்டர் நல்ல மனுஷர். “எனக்கும் புரியுது. சுத்தம் பண்ணி மருந்து வச்சு, ரெண்டு மாசம் உசத்தி வச்சிருந்தா ஆறிருக்கும்,” என்றார். “ஆனா உத்தரவு அப்படி வந்திருக்கு. பொதுச்சொத்து. அந்தம்மா சொன்னாக்கூட நான் நிறுத்த முடியாது.” ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்த எழுத்தர் பலகையைப் பார்த்துக்கொண்டே என்னைக் கேட்டார்.

“நீங்க யாரு?”

“புருஷன்.”

“யாருக்கு?”

நான் பேரைச் சொன்னேன். அவர் விரலால் தேடினார். “வாய்க்கால்னு இருக்கு சார். அதுக்குப் புருஷன்னு போட இடம் இல்லியே.”

ஊரிலிருந்து ஆஸ்பத்திரிக்கு ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு வந்து பார்த்தவன் தவசி ஒருவன்தான்.

கால் போன அன்று வரத்துக்காலும் போயிற்று. தூர்ந்துபோகவில்லை, பள்ளம் மேடானது என்று சொல்ல ஒரு தடம்கூட இல்லை, ஆற்று மதகிலிருந்து கண்மாய்வரை, எங்கள் வீட்டுப் பின்புறம் உட்பட, மண் எப்போதும் அப்படியே இருந்ததுபோலச் சமமாக இருந்தது. மீன்கள் எங்கே போயின என்று தெரியவில்லை. தவசி மஞ்சள் பெயிண்ட் அடித்த கற்களை நட்டான், மூலை மனை ஒன்றை மாமனுக்குக் கொடுத்தான். பயிர் பால் பிடிக்கும் நேரத்தில் கருகியது. ஊர் அழுதது, அழுதுவிட்டு எங்கள் வாசலைப் பார்த்தது. “ஒத்தக் காலத் தொங்கப் போட வலிச்சிருச்சு. இப்ப ஊரே காஞ்சு கெடக்கு,” என்று ராக்கு காதில் விழும்படி தெருவில் பேசினார்கள். நாற்காலியைத் திரும்ப எடுத்துப்போனார்கள், ஊர்க்காசில் செய்தது என்று.

அவள் ஒரு வருஷம் இருந்தாள். இல்லாத கால் வலித்தது. படுத்துக்கொண்டே சொல்வாள், இப்போது தாராளமாகப் படுக்க முடிந்தது. “அஸ்திவாரம் தோண்டுறான், தொடையில விறுவிறுங்குது.” நான் மெயின் ரோட்டுக்குப் போய்ப் பார்த்தால் ஆட்கள் தோண்டிக்கொண்டிருப்பார்கள். “போர் போடுறான் பாருங்க, முழங்காலக் குடையுது.” பால் காய்ச்சுகிறார்கள் என்றாள் ஒரு நாள், இளஞ்சூடாக இருக்கிறது என்றாள், அது ஒன்றுதான் அவளுக்குப் பிடித்திருந்தது. பிளாட்டுக்கு ரோடு போட உருளை வண்டி வந்த அன்று காலையிலிருந்து அவள் என் கையை விடவில்லை. வண்டி தொடையிலிருந்து ஏறி, முழங்கால் வந்து, கெண்டைக்காலில் போய்த் திரும்பி, மறுபடி ஏறியது. “கொஞ்சம் நிறுத்தச் சொல்லுங்க,” என்றாள். நான் எழுந்தேன், கையை அவள் விடவில்லை, விட்டபோது போகவேண்டிய தேவை இருக்கவில்லை.

இழவுக்கு ஊர் முழுக்க வந்தது. நல்லெண்ணெய் உருவிவிட்ட பெண்கள்தாம் அதிகம் அழுதார்கள். கால் இல்லாத பக்கம் குழியைக் குறைத்து வெட்டலாமா என்று வெட்டியான் கேட்டதற்கு அம்பலம், “முழுசா வெட்டுப்பா, மரியாதை இருக்குல்ல,” என்று அதட்டினார்.

அதற்குப் பிறகு நிலோபர் இரண்டையும் பிரித்துவிட்டாள். அதற்குத் தீர்மானம் தேவைப்படவில்லை, பிரிக்க எதுவும் இல்லை என்பதால். கடைக்கு வந்து பலகையைக் காட்டினாள். கால் என்பது உடம்பின் பகுதி, வரத்துக்கால் என்பது வாய்க்காலில் ஒரு வகை, ஒன்றின் கிளையை இன்னொன்று தொடவில்லை, பார்க்க ஒழுங்காக இருந்தது. வரத்துக்கால் என்ற சொல்லின் கீழே வெறுமையாக இருந்தது.

“இப்படியும் இருக்கலாமா?” என்றேன்.

“இருக்கலாம் ஐயா. வகை இருக்கும். அதுல ஒண்ணும் இருக்காது.” அவள் என்னைப் பார்க்காமல் சொன்னாள், நான் கையிலிருந்த செப்புக் கம்பியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இந்த வருஷம் மறுபடி கணக்கெடுக்க ஜீப் வந்தது. ஊருக்கு முந்தின நாளே தெரிந்துவிட்டது. வேப்பமரத்தடியில் வரிசை கட்டி நின்றார்கள், ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒரு பெண், புடவையைக் கெண்டைக்கால்வரை தூக்கிச் செருகிக்கொண்டு. எல்லாம் மருமகள்கள். மகளை ஒருவரும் கொண்டுவரவில்லை. அம்பலத்தின் வீட்டுக்கு வைகாசியில் வாக்கப்பட்டு வந்த பெண் முதலில் நின்றாள், மஞ்சள் கயிறு இன்னும் வெளுக்கவில்லை, இடது காலைச் சாய்த்துச் சாய்த்து நடந்துவந்தாள், சொல்லிக்கொடுத்தபடி.

“சொல்லுத்தா,” என்றார் அம்பலம் பின்னாலிருந்து.

“கால்தான். அடைப்பு. வாக்கப்பட்டு வந்ததுலேர்ந்து இதே கதைதான்.”

“பெரியவரே, இப்ப அதெல்லாம் சரி பண்ணியாச்சு,” என்றாள் நிலோபர். “எத்தனை தடவை சொன்னாலும் சேராது.”

“நீ எழுதிக்க தாயி. சேர்றதும் சேராததும் எங்க அதிர்ஷ்டம்.”

நான் அந்தப் பெண்ணிடம், “வீட்டுக்குப் போம்மா, உனக்குக் கால் நல்லாத்தான் இருக்கு,” என்றேன். அவள் தலையைக் குனிந்துகொண்டு, “மாமா வைவாங்க,” என்றாள். அவளுக்குப் பின்னால் நின்றவள், “தள்ளுக்கா, வெயிலாகுது,” என்றாள்.

வரிசை முடிந்து, கடைசியாக நிலோபர் என் வீட்டுக்கு வந்தாள். முறைப்படி எல்லாரையும் கேட்டாகவேண்டும். என்னை எந்தச் சொல்லின் கீழே போடுவது என்று முதலில் தேடினாள். பெண்ணென்றால் விதவை என்ற சொல் மரத்தில் இருந்தது, ஆணுக்கு எங்கள் ஊரில் என்ன சொல்வார்கள் என்று கேட்டாள், பொண்டாட்டி செத்தவன் என்று சொல்வார்கள் என்றேன். அது ஒரு சொல் இல்லை என்று விட்டுவிட்டாள். அம்பலமும் நாலைந்து பேரும் வாசலில் நின்று என் கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மெலிந்த கால்கள்தான், ஆனால் இரண்டு.

“இந்த வீட்டுல யாருக்காவது கால்ல குறை ஏதும் இருக்கா ஐயா?”

“இந்த வீட்டுல காலே இல்லம்மா,” என்றேன். “எழுதிக்க.”

நிலோபர் குனிந்து என் பாதங்களைப் பார்த்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள். விரலை ஒரு நிமிஷம் பலகைமேல் தூக்கிப் பிடித்திருந்துவிட்டு, அழுத்தினாள்.

“ரெண்டு காலையும் வச்சுக்கிட்டு இல்லேன்னு எழுதிக் குடுத்துட்டான்யா,” என்றார் அம்பலம், தெருவுக்குக் கேட்க. “ஊருக்கு உதவாத காலு.”

அன்றிலிருந்து நான் நடந்தால் தடம் விழுவதில்லை. மழை பெய்த மறுநாள் வீட்டிலிருந்து கடைவரை ஈர மண்ணில் ஆடு, நாய், சைக்கிள், பள்ளிக்கூடப் பிள்ளைகள் எல்லாரும் போன தடம் இருக்கும், நான் போன தடம் இருக்காது. பிளாட்டு ரோட்டில் அவள் முழங்கால் இருந்த இடத்தைத் தாண்டும்போது மட்டும் நான் ஓரமாக ஒதுங்கிப் போகிறேன். என் கால் அங்கே படாது என்று தெரிந்தும்தான்.